முதுகு ஒடிந்த வேதப்புத்தகம்

எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்தின்மேல் வேறு எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. கண்ணாடிக் கூடு, சாவிக்கொத்து, பாட்டுப்புத்தகம், எதுவும் கூடாது. தரையில் வைக்கக் கூடாது. கால் பட்டால் தொட்டுக் கும்பிடக் கூடாது, அது நம்முடைய வழக்கமில்லை என்பார் அப்பா. ஆனால் கால் பட்டால் முதுகில் அடி விழும். இதில் எது பக்தி, எது வெறும் பழக்கம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

அப்பா தெற்கேயிருந்து வந்தவர். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம். கீழே கடை, பின்னால் கிடங்கு, மாடியில் நாங்கள். வீடு முழுக்க ஓலைப்பாயும் கருப்பட்டியும் மணக்கும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து ஜன்னல் கட்டையில் படியும். இன்னொரு பக்கம் திரும்பினால் கருவாடு. இதற்கு நடுவில்தான் எங்கள் குடும்ப ஜெபம் நடந்தது.

விடிவதற்கு முன் அப்பா மணி அடிப்பார். பள்ளிக்கூட மணி போல ஒரு சின்னப் பித்தளை மணி. எல்லோரும் பாய்களைச் சுருட்டிவிட்டு உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். ஜெபம் அப்பா மட்டும்தான். நீளமாகச் செய்வார். தெற்கே உள்ள சொந்தக்காரர்கள், கடையில் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள், அரசாங்கத்தில் இருப்பவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். முழங்கால் மரத்துப்போகும். அது முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொன்னால்தான் காப்பி. வேதத்திலேயே மிகச் சிறிய வசனம் எதுவோ அதைத் தம்பி தினமும் சொல்லிக் காப்பி வாங்கிக்கொண்டிருந்தான். அப்பா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி அந்த வசனம் இந்த வீட்டில் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. தமிழ் வாசிக்க நான் கற்றுக்கொண்டது அந்தப் பாயில்தான். பிறகு நானே முனிசிபல் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன். அதற்கும் அந்தப் பாய்தான் காரணம். நான் கோபப்படுவது வேறொன்றுக்கு.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஒரு காரியத்தில் முடிவெடுக்க வேண்டுமென்றால் புத்தகத்தைக் கேட்பது. முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு, புத்தகத்தை அதன் முதுகின்மேல் நிறுத்திப் பிடித்து, இரண்டு கையையும் மெல்ல விலக்குவார். அது தானாக விரியும். கண்ணைத் திறக்காமல் விரலை வைப்பார். விரல் நிற்கும் இடத்தில் இருப்பது ஆண்டவருடைய பதில். ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். மறுபடி கேட்பது ஆண்டவரைச் சோதிப்பது.

யுத்த காலத்தில் இப்படிக் கேட்டார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ரயில் நிலையத்தில் ஆட்கள் ஜன்னல் வழியாக உள்ளே ஏறினார்கள். அக்காவுக்கும் எனக்கும் துணி மூட்டை கட்டியாகிவிட்டது. அப்பா புத்தகத்தைக் கேட்டார். தொண்ணூற்றோராம் சங்கீதம் விரிந்தது. கடவுளுடைய நிழலில் தங்குகிறவனை எந்த ஆபத்தும் நெருங்காது என்று சொல்லும் சங்கீதம். மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். நாங்கள் போகவில்லை. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, சங்கு ஊதும்போதெல்லாம் அந்தச் சங்கீதத்தையே சேர்ந்து சொல்லிக்கொண்டு கிடந்தோம். பிறகு ஒரு விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டது உண்மை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரைவிட்டுப் போன வியாபாரிகள் திரும்பி வந்து பார்த்தபோது சரக்கு கெட்டுப்போயிருந்தது. எங்கள் சரக்கு கெடவில்லை. அன்றோடு அப்பாவுக்கு அந்த வழக்கத்தின்மேல் இருந்த நம்பிக்கை கல்லில் வெட்டின எழுத்தாகிவிட்டது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா காலையில் ஒரு அதிகாரம் வாசிப்பவர். அம்மா நாள் முழுக்க வாசிப்பவள். தெற்கே மிஷன் பள்ளியில் படித்தவள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதும் பின்ஜன்னல் ஓரம் உட்காருவாள். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்து வாசிப்பாள். பக்கங்களுக்கு நடுவில் அடையாளம் வைத்திருப்பாள். ஒரு இடத்தில் சிவப்பு நூல், ஒரு இடத்தில் கருப்பட்டி வரும் கொட்டானிலிருந்து கிழித்த ஓலை நறுக்கு, ஒரு இடத்தில் கொண்டை ஊசி. எதற்கு எது என்று அவளுக்குத்தான் தெரியும். ஊசி வைத்த இடம் அவளுடைய அம்மா செத்த அன்று வாசித்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதெல்லாம் தொண்ணூற்றோராம் சங்கீதம். தினமும் வாசிப்பாள். பிறந்த பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதேதான். புத்தகத்தை அந்த இடத்தில் விரித்துப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிடுவாள். இரவெல்லாம் அது விரிந்தபடி கிடக்கும். பிழைத்தவர்கள் நாங்கள் மூன்று பேர். பிழைக்காதவர்களுக்கும் அதே சங்கீதம்தான் வாசித்தாள்.

ஐம்பதுகளில் அம்மாவின் இடது கண் மங்கியது. அக்கா கல்யாணமாகித் தெற்கே போய்விட்டாள். தம்பி ரயில்வே வேலைக்காக வெளியூர் போயிருந்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புரை விழுந்து பழுத்துவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் கண்ணே போய்விடும் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பா புத்தகத்தைக் கேட்டார். தொண்ணூற்றோராம் சங்கீதம் வந்தது. எந்தத் தீங்கும் உன்னைத் தொடாது என்றால் கத்தி எதற்கு? கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து அடக்கினாள். அவளும் நம்பினாள். அதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். அப்பாவின்மேல் வந்த கோபம் எனக்கு அவள்மேலும் வந்தது.

எதிர்வீட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாள் இருந்தாள். கத்தோலிக்கக் குடும்பம், புருஷன் கட்டுமரக்காரர். தினமும் கூடையை எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். அம்மாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "இன்னாம்மா டீச்சரு, யக்கா கண்ணு அப்டியே கீது? உங்க நைனா பொஸ்தகத்த கேட்டாராமே. பொஸ்தகம் இன்னா கண்ணு டாக்டரா?"

நான் கூடையைத் தூக்கிவிடக் குனிந்தேன். அவள் விடவில்லை.

"எங்க சாமியாரு பொஸ்தகத்த எங்க கையில குடுக்கவே மாட்டாரு. நல்லதாப் போச்சு. குடுத்திருந்தா எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போவலாமா வாணாமான்னு தெனம் தொறந்து பாத்துகினு வூட்லயே குந்திகினு இருந்திருப்பாரு. நாங்க மாதா கோயில்ல வெள்ளிக் கண்ணு வாங்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கும் போயிடுவோம். ரெண்டுல எது கேட்டா இன்னா, கண்ணு வந்தா சரி."

அம்மா உள்ளேயிருந்து இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் சிரிக்கவில்லை. விக்கிரக ஆராதனைக்காரர்களோடு வாசலில் நின்று பேச வேண்டாம் என்றார். மீன் மட்டும் அவளிடம்தான் வாங்கினோம்.

மாதங்கள் போயின. இடது கண் சிவந்து வீங்கியது. அம்மா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வலியில் முனகுவாள். அப்பா பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபம் செய்தார். உண்மையாகத்தான் செய்தார், அழுதார். நான் கடைசியில் அவரைக் கேட்காமலேயே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். கண் போய்விட்டது, இனி அதில் செய்வதற்கு எதுவும் இல்லை என்றார்கள். டாக்டர் வலது கண்ணையும் விளக்கு வைத்துப் பார்த்தார். அதிலும் புரை இறங்கிக்கொண்டிருந்தது. இதையும் விட்டுவிடாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான்தான் விட்டதுபோல. 

வலது கண் போனால் அம்மாவுக்கு உலகமே இருட்டு. அவள் குருடாவதற்கு முன்னால் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

முதலில் எங்கள் சபை ஐயரிடம் போனேன். எங்கள் ஆட்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்படிப் புத்தகத்தைத் திறந்து கேட்பது சபையின் போதனை அல்ல என்று மெல்லிய குரலில் சொன்னார். அதை வந்து அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். உன் அப்பா சபைக்கு ரொம்ப வேண்டியவர், மனம் நோகப் பேசக் கூடாது, நீ ஜெபம் பண்ணு என்றார். நான் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வேண்டியது ஒரு ஆள். வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை பேசும் ஒரு ஆள். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பிரசங்கம் செய்யும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வலது கண்ணுக்காகத் தனியாகக் கேட்கப்போகிறேன் என்று அப்பா சொன்னார். அது வேறு கண், வேறு காரியம், அதனால் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை உபவாசம் இருந்து கேட்பதாக இருந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். காலை ஜெபம் முடிந்து அவர் எழுந்திருக்கும் முன் புத்தகத்தை எடுத்து முதுகின்மேல் நிறுத்திக் கையை விட்டேன். தொண்ணூற்றோராம் சங்கீதம். மூடினேன். மறுபடி நிறுத்தினேன். அதே சங்கீதம். மூடித் தலைகீழாகப் பிடித்து விட்டேன். அதிலும் அதேதான். பைண்டிங் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே நூல் தெரிந்தது. பக்கங்கள் பாதி கழன்று தொங்கின. எந்தக் குழந்தை விட்டாலும் அங்கேதான் விரியும்.

அப்பா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார்.

"ஏட்டி, யாரச் சோதிக்க?"

"ஆண்டவரச் சோதிக்கல. பைண்டிங்கத்தான் சோதிச்சேன். முதுகு ஒடிஞ்சு கெடக்கு, அதான் அங்கயே விரியுது. இடது கண்ணுக்கும் அப்படித்தான் விரிஞ்சுது."

அவர் தொங்கிய பக்கங்களை உள்ளே தள்ளி மூடினார். பிறகு, "ஒடிஞ்சா என்ன? அந்த எடத்துல ஒடிய வச்சதும் அவருதான்" என்றார்.

 இப்படிப் பேசுகிறவர்களிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. எல்லா வாசலையும் ஆண்டவர் பெயரைச் சொல்லிச் சாத்திவிடுவார்கள். நான் எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பப் போனேன்.

அம்மா அப்போது அடுப்படியிலிருந்து, வலது கண்ணும் மங்கியிருந்ததால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்பாவின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதை விரித்து, நடுவில் பிளந்திருந்த இடத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். நூல் நூலாகத் தடவிப் பார்த்தாள்.

"இத ஒடிச்சது நான்ல" என்றாள். "அவரு மேல ஏன் போடுதிய? ஒவ்வொரு பிள்ளைக்கும் விரிச்சு விரிச்சு வச்சது நான். ராத்திரி பூரா தலைமாட்டுல கெடக்கும். அதான் விட்டுப்போச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கண்ணுக்கு அது தெரியாது. புத்தகத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். பக்கமெல்லாம் உதிர்கிறது, புத்தகம் இப்படிக் கிடக்கையில் கேட்பது மரியாதை இல்லை, பைண்டிங் போட்டுக் கொண்டுவா என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னது அவர் காதில் ஏறியதா, அம்மா சொன்னது ஏறியதா, நிஜமாகவே பக்கம் உதிர்வது மட்டும்தான் அவர் கவலையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

மண்ணடியில் கடைக்காரர்களுக்குக் கணக்குப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் ஒரு முஸ்லிம் பாய் இருந்தார். அங்கே கொடுத்தேன். வேதப்புத்தகம் என்றதும் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். பழைய நூலை அறுத்து, எல்லாப் பக்கத்தையும் பிரித்து, புதிதாகத் தைத்து, பசை காயும்வரை பாரம் வைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் புத்தகம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. என்னிடம் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். அது வீட்டுப் புத்தகம் இல்லை. மணி அடித்தது, பாட்டுப் பாடினோம். வாசிப்பு வரும்போது அப்பா மனப்பாடமாகத் தொடங்கினார். நாலைந்து வசனம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சங்கீதத்தின் பாதியை இன்னொரு சங்கீதத்தோடு ஒட்டிவிட்டார். நின்றார். 

விட்ட இடத்திலிருந்து அம்மா எடுத்தாள். மெதுவாக, ஒரு சொல்கூடச் சிதறாமல், அந்தச் சங்கீதத்தை முடித்தாள். மறுநாள் அப்பா தொடங்கவே இல்லை. அம்மாதான் சொன்னாள். மலைப்பிரசங்கத்தை மூன்று காலையில் பிரித்துச் சொன்னாள். வாசிப்பது போலவே விரலைப் பாயின்மேல் ஓட்டிக்கொண்டு சொன்னாள். அப்பா தலை குனிந்து கேட்டார். இவ்வளவு காலம் எங்களுக்கு வேதம் தெரிந்தவர் அப்பா என்று நினைத்திருந்தோம். சத்தமாக வாசித்தவர் அவர், அவ்வளவுதான்.

ஆனால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டுச் சிலர், கண் எதற்கு, அவளுக்கு உள்ளே வெளிச்சம் இருந்ததே என்பார்கள். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்திலேயே ஒருத்தி அப்படிச் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அம்மா அந்த வாரத்திலேயே கொதிக்கும் கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டாள். மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்டு விழுந்து முழங்கையில் தோல் பெயர்ந்தது. மனப்பாடம் இருந்தால் அடுப்பு தெரியாது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கறுப்புத் துணி அட்டை, விறைப்பாக இருந்தது. பாய் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். பிரிக்கும்போது உள்ளே கிடைத்தவை. நூல், ஓலை நறுக்கு, கொண்டை ஊசி, ஒரு காய்ந்த வேப்பிலை. அம்மா பொட்டலத்தைப் பிரித்துத் தடவிப் பார்த்தாள். "இதெல்லாம் எங்கெங்க இருந்துச்சுன்னு இனி எப்பிடிட்டி தெரியும்?" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பக்கத்தில் எது என்று குறித்துவைக்கச் சொல்லியிருக்கலாம். அம்மா பொட்டலத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா உபவாசம் இருந்தார். சபைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கடை மூடியிருந்த மத்தியானத்தில், எங்களைக் கூப்பிட்டு முழங்காலில் நின்றார். நீளமாக ஜெபம் செய்தார். புத்தகத்தை முதுகின்மேல் நிறுத்தினார். கையை விலக்கினார். புது பைண்டிங் விறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நடுவுக்கு முன்னால் எங்கேயோ ஒரு இடத்தில் விரிந்தது. அப்பா விரலை வைத்தார். கண்ணைத் திறந்தார்.

நாளாகமப் புத்தகம். பெயர்ப் பட்டியல். இன்னாருடைய மகன் இன்னார், அவனுடைய மகன் இன்னார் என்று பக்கம் முழுக்க.

அப்பா சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். விரல் வைத்த வசனத்தோடு நிறுத்தவில்லை. ஏதாவது கிடைக்கும் என்று மேலே வாசித்துக்கொண்டே போனார். வாயில் நுழையாத பெயர்களைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டி வாசித்தார். கீழே தெருவில் ஒரு லாரி போய் ஜன்னல் அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை.

"முடிஞ்சிட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல. அடுத்த அதிகாரமும் பேருதான்."

அப்பாவிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. வசனத்தை வளைக்க மாட்டார். வேறு ஆளாக இருந்தால் அந்தப் பெயர்களுக்குள்ளேயே ஒரு அர்த்தத்தைக் கண்டுபிடித்து, கத்தி வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ முடித்திருப்பான். அப்படிச் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தரம் கேட்க முடியாது. அது அவரே போட்ட சட்டம்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"நீங்க கேட்டாச்சு" என்றாள் அப்பாவைப் பார்த்து. முகம் அவர் இருந்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. "அவரு ஒண்ணும் சொல்லல. சரி, இப்ப நான் சொல்லுதேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வந்து கையெழுத்துப் போடுங்க. போடலன்னா இவ கூட்டிட்டுப் போய் டாக்டர் கால்ல விழட்டும். எனக்கு இந்தக் கண்ணு வேணும்."

"கத்தி வைக்கப் பயமில்லையா ஒனக்கு?" என்றார் அப்பா.

"பயந்தான். குருடாக் கெடக்கது அதவிடப் பயம்."

மறுநாள் அப்பா கடையைத் திறக்கவில்லை. சட்டைக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போவதுபோல வந்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நடந்த பிறகு அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைத்திருந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் கட்டு. பார்வையாளர் நேரத்தில் அப்பா புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த அதிகாரம் வாசிக்கட்டும் என்று கேட்டார். அம்மா, இன்றைக்கு வேண்டாம், கடையில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். தூத்துக்குடிச் சரக்கு நனைந்து வந்தது, மூட்டை தூக்குகிறவன் கல்யாணத்துக்கு லீவு கேட்டது, எதிர்வீட்டு மீன்காரி தினமும் வாசலில் நின்று அம்மாவைப் பற்றி விசாரிப்பது. அவளிடம் இப்போது அவரே பதில் சொல்கிறாராம். பார்வையாளர் நேரம் முடியும்வரை பேசினார். அப்பா அம்மாவிடம் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

கட்டு அவிழ்த்தார்கள். பிறகு சோடாப் புட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். வலது கண் தெரிந்தது. நேராகப் பார்த்தால்தான் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. படி இறங்கும்போது தடுமாறுவாள். ஆனால் எழுத்துத் தெரிந்தது. அது போதும் என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்ட முதல் காலை அப்பா மணி அடித்தார். பாட்டு முடிந்ததும் புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினார்.  அம்மா அதை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். பெரிய எழுத்தாக இருந்தும் மெதுவாகத்தான் வந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, "இது எனக்கு வெளங்கல" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அப்பா வாசித்த காலமெல்லாம் அந்தப் பாயில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு முழங்காலில் நின்றோம். அப்பா ஜெபம் தொடங்கினார். சொந்தக்காரர்கள், வேலைக்காரர்கள், கப்பல்காரர்கள், எல்லோரும் வந்தார்கள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார். 

"ஆண்டவரே, இவளோட இடது கண்ணு போனது என்னால. நான் ஒம்மக் கேட்டேன்னு நெனச்சேன். என்னத்தக் கேட்டேன்னு எனக்கே தெரியல. அத மன்னியும்."

அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் முழங்காலில் நின்றாள். கை எட்டும் தூரம். எனக்குத் தாங்கவில்லை. ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து பேசினேன். அந்த வீட்டில் அதுவும் யாரும் செய்யாதது.

"ஆண்டவருக்கா கண்ணு போச்சு? இவங்ககிட்டச் சொல்லுங்கப்பா."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.  அம்மாதான் பேசினாள்.

"சும்மா இரிட்டி. அவியளுக்கு இப்பிடித்தான் சொல்ல வரும். எனக்குக் கேட்டுச்சு."

அப்பா ஜெபத்தை முடித்தார். அம்மா ஆமென் சொன்னாள். நான் சொல்லவில்லை.